தேஜஸ் விழுந்ததைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு

அந்தப் பதிவை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எழுதியவர் பெயரை நான் சொல்லப் போவதில்லை. 2025 நவம்பரில் துபாய் விமானக் கண்காட்சியின் கடைசி நாளில், நம் நாட்டிலேயே செய்த தேஜஸ் போர் விமானம் தரையில் மோதித் தீப்பிடித்த காணொளி, அதற்கு மேலே ஒரு வரிக் கேலி, கீழே வரிசையாகச் சிரிப்புக் குறிகள். சிரித்தவர்களில் எனக்குத் தெரிந்தவர்கள் உண்டு, என்னோடு படித்தவர்கள் உண்டு. அந்த விபத்தில் உயிரிழந்த விமானியின் உடல் கோவை அருகே சூலூர் விமானப்படைத் தளத்துக்கு வந்து இறங்கிய நாளிலும் சிரிப்பு நிற்கவில்லை.

செத்தவரைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்று பாடம் எடுக்க நான் வரவில்லை. அது தெரியாதவருக்கு நான் சொல்லியா தெரியப்போகிறது? அந்தச் சிரிப்புக்கு அடியில் இருக்கும் எண்ணத்தைப் பற்றித்தான் பேச வேண்டும். "நம்மால் ஆகாது, நல்லதாகப் பார்த்து வெளியே வாங்கிவிடலாம்" என்ற எண்ணம். படையை நவீனப்படுத்தும் ஒவ்வொரு திட்டத்தையும் இந்த எண்ணம்தான் பாதி வழியில் பிடித்து நிறுத்தியிருக்கிறது. நிறுத்தினால் தாமதம். தாமதம் ஆளைக் கொல்கிறது. இதை இந்தப் பதிவில் திரும்பத் திரும்பச் சொல்லத்தான் போகிறேன்.

சோவியத் நாட்டின் மிக்-21 போர் விமானம் நம் விமானப்படைக்கு வந்தது 1963-ல். அதற்கு விடை கொடுத்தது 2025 செப்டம்பர் 26 அன்று, சண்டீகரில். அறுபது ஆண்டுகளுக்கும் மேல். அதற்கு மாற்றாக இலகுரகப் போர் விமானத் திட்டத்தைத் தொடங்கியது 1983-ல். அந்தத் திட்டத்தில் உருவான தேஜஸ் முதலில் பறந்தது 2001 ஜனவரியில், அதன் முதல் ஸ்குவாட்ரன், அதாவது விமானப் படைப்பிரிவு, அமைந்தது 2016 ஜூலையில். இடைப்பட்ட காலத்தில் நம் பையன்கள் எதில் பறந்தார்கள்? 2012-ல் பாதுகாப்பு அமைச்சர் நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்கு இது: வாங்கிய 872 மிக் ரக விமானங்களில் பாதிக்கு மேல் விபத்தில் போய்விட்டன, 171 விமானிகள் இறந்திருக்கிறார்கள், தரையில் இருந்த பொதுமக்கள் 39 பேரும் இறந்திருக்கிறார்கள். தேஜஸ் தன் முதல் பறப்பிலிருந்து 2024 மார்ச் வரை ஒரு முறைகூட விழவில்லை. ஜெய்சால்மர் அருகே முதன்முதலாக விழுந்தபோது விமானி உயிரோடு வெளியே குதித்துவிட்டார். துபாயில் நடந்ததுதான் முதல் உயிரிழப்பு. கேலி எழுதியவர் இந்தக் கணக்கை ஒரு முறையாவது பார்த்தாரா?

"உலகமே பார்க்க, கண்காட்சியில் போய் விழுந்ததே, மானம் போகவில்லையா?" என்று கேட்கிறார்கள். 1993-ல் ஸ்வீடன் தன் கிரிப்பன் விமானத்தைத் தலைநகர் ஸ்டாக்ஹோமில், திருவிழாக் கூட்டத்துக்கு மேலே பறக்கவிட்டது. அது விழுந்தது. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு அதன் முதல் மாதிரியும் விழுந்திருந்தது. இரண்டு முறையும் ஒரே விமானி, இரண்டு முறையும் பிழைத்தார். ஸ்வீடன் கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்தது. இன்று பிரேசிலும் ஹங்கேரியும் தாய்லாந்தும் அதைத் தங்கள் படையில் வைத்திருக்கின்றன. இன்னும் பக்கத்தில் வருகிறேன். 1999 ஜூனில் பாரிஸ் கண்காட்சியில் ரஷ்யாவின் சுகோய்-30 போர் விமானம் விழுந்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில் அதே சுகோய் வகையில் 140 விமானங்களை இங்கேயே தயாரிக்க நாம் ஒப்பந்தம் போட்டோம். இன்று நம் விமானப்படையின் முதுகெலும்பே அதுதான். ரஷ்யன் செய்தது விழுந்தால் விபத்து, நாம் செய்தது விழுந்தால் வெட்கக்கேடா?

"ஒரு மனிதன் இறந்திருக்கிறான், உனக்கு விமானம்தான் பெரிதா?" என்று ஒருவர் உள்பெட்டியில் கேட்டார். இந்தக் கேள்வி என்னை உண்மையிலேயே புண்படுத்தியது. அந்த மனிதருக்காகத்தான் ஐயா எழுதிக்கொண்டிருக்கிறேன். விழுந்தது ஏன் என்று விமானப்படை விசாரணையைத் தொடங்கியது. தவறு எங்கே இருந்தாலும் அது வெளியே வரட்டும், செய்தவர்கள் பதில் சொல்லட்டும். விசாரணை முடிவதற்குள் தீர்ப்பு எழுதியது நானா, நீங்களா?

என் சித்தப்பா ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நகக்கண்ணில் கறுப்புக் கிரீஸ் இல்லாமல் அவர் கையை நான் பார்த்ததில்லை. இன்ஜின் இரைச்சலுக்குப் பக்கத்திலேயே நின்று நின்று இடது காது மந்தமாகிவிட்டது, அதனால் சாதாரணப் பேச்சே சத்தமாகத்தான் இருக்கும். ஒரு கல்யாணப் பந்தியில் எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்த உறவினர் ஒருவர், "உங்கள் அர்ஜுன் டாங்கியைத் தள்ளிவிட எத்தனை பேர் கூடப் போக வேண்டும்?" என்று கேட்டார். பந்தியே சிரித்தது. சித்தப்பா இலையை மூடி வைத்துவிட்டு எழுந்து போய்க் கை கழுவினார். அவருக்குச் சத்தமாகப் பேசத் தெரியும், அன்று பேசவில்லை. பக்கத்து இலையில் இருந்த நானும் பேசவில்லை. இப்போது பேசுகிறேன்.

அர்ஜுன் டாங்கிக்கு ஒப்புதல் கிடைத்தது 1974-ல், படையில் சேர்ந்தது 2004-ல். முப்பது ஆண்டுகள். அதிகம்தான். ஆனால் முதலில் எத்தனை கேட்டோம்? 124. அடுத்த 118 டாங்கிகளுக்கு ஆணை வந்தது 2021-ல். ஒரு தொழிற்சாலைக்குப் பதினைந்து இருபது ஆண்டுக்கு ஒரு முறை நூறு வண்டிக்கு ஆணை கொடுத்தால் அங்கே கை தேர்ந்தவன் எப்படி நிற்பான்? உதிரி பாகம் செய்யும் சின்னப் பட்டறைக்காரன் எதை நம்பி எந்திரம் வாங்கிப் போடுவான்? தயாரிக்கும் வேகம் போதாது என்கிறோம், வேகமாகத் தயாரிக்கும் அளவுக்கு ஆணை கொடுத்தோமா?

தயாரிப்பவர்கள் மேல் குற்றமே இல்லை என்று நான் சொல்லவில்லை. குறித்த நேரத்தில் முடிந்த ஒரு திட்டம்கூடத் தன் நினைவுக்கு வரவில்லை என்று விமானப்படைத் தளபதியே 2025-ல் மேடையில் சொன்னார். அவருக்கு அதைச் சொல்லும் உரிமை இருக்கிறது. 42 ஸ்குவாட்ரன் இருக்க வேண்டிய இடத்தில் 2025 கடைசியில் 29 வைத்துக்கொண்டு காவல் காத்தவர் அவர். அவர் கோபம் "சீக்கிரம் கொடுங்கள்" என்பது. உங்கள் சிரிப்பு "கொடுக்கவே வேண்டாம்" என்பது. இரண்டையும் ஒன்றாக்காதீர்கள்.

உண்மையான ஓட்டை எங்கே என்று கேட்டால், இன்ஜினில். 1961-ல் பெங்களூரில் மாருத் என்ற போர் விமானத்தைப் பறக்கவிட்டோம். ஜெர்மானிய வடிவமைப்பாளர் கர்ட் டாங்க் வந்து செய்து கொடுத்தது. விமானத்தின் உடல் ஒலியைவிட வேகமாகப் போகத் தக்கது, அதற்கேற்ற இன்ஜின் கடைசிவரை கிடைக்கவில்லை. இன்ஜினை மேம்படுத்திச் சோதித்துப் பார்த்தபோது 1970-ல் விமானி சுரஞ்சன் தாஸ் உயிரிழந்தார். பெங்களூரில் அவர் பெயரில் இருக்கும் சாலையில் தினமும் எத்தனையோ பேர் நெரிசலில் நிற்கிறார்கள். அது யார் பெயர் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? 1989-ல் தேஜஸுக்கு நாமே இன்ஜின் செய்யக் காவேரி திட்டம் வந்தது. வேண்டிய விசை கிடைக்காமல் 2008-ல் தேஜஸிலிருந்து அதைப் பிரித்துவிட்டார்கள். ஜெட் இன்ஜினுக்குள் சுழலும் டர்பைன் பிளேடைச் சுற்றி ஓடும் வாயுவின் வெப்பம், அந்த உலோகம் உருகும் வெப்பத்தைவிட அதிகம். உருகாமல் இருக்க, மயிரிழை போன்ற காற்றுத் துளைகளோடு, முழு பிளேடும் ஒரே படிகமாக உறையும்படி வார்க்க வேண்டும். அதைச் செய்யத் தெரிந்த நாடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். செய்ததை உயரத்தில் வைத்துச் சோதிக்க நம்மிடம் வசதி இல்லாமல் காவேரியை ரஷ்யாவுக்குத் தூக்கிக்கொண்டு போனோம்.

"அதனால்தான் வாங்கிவிடலாம் என்கிறோம்" என்பீர்கள். வாங்கத்தானே செய்தோம்! 2021-ல் தேஜஸின் மேம்பட்ட வகையான மார்க்-1ஏ விமானங்கள் 83-க்கு ஆணை கொடுத்து, அதற்காக 99 இன்ஜின்களை அமெரிக்க நிறுவனத்திடம் கேட்டோம். முதல் இன்ஜின் வந்தது 2025 மார்ச்சில். விமானத்தின் உடல் தயாராக இருந்தும் உள்ளே வைக்க இன்ஜின் இல்லை. ரஷ்யாவிடம் 2018-ல் கேட்ட எஸ்-400 ஏவுகணைத் தொகுதி ஐந்தில் இரண்டு உக்ரைன் போரோடு தள்ளிப் போய்விட்டது. 1998 பொக்ரான் அணுகுண்டுச் சோதனைக்குப் பிறகு, தேஜஸின் கட்டுப்பாட்டு மென்பொருளுக்காக அமெரிக்காவில் வேலை செய்துகொண்டிருந்த நம் பொறியாளர்களை வெளியே அனுப்பினார்கள், அவர்கள் கொண்டுபோன கருவிகளைத் திருப்பித் தரவில்லை. திரும்பி வந்தவர்கள் பெங்களூரில் உட்கார்ந்து அதை எழுதி முடித்தார்கள். அந்த மென்பொருளோடுதான் 2001-ல் அது பறந்தது. பிரான்சிடம் வாங்கிய ரஃபேல் நல்ல விமானம், சந்தேகமில்லை. 36 வாங்க ஏறத்தாழ 59,000 கோடி ரூபாய். எத்தனை முறை கொடுப்பீர்கள்?

"பள்ளிக்கூடம் கட்டலாமே" என்பவர்களுக்கு: கட்டலாம், கட்ட வேண்டும். எல்லைச் சண்டை நம்மைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. லடாக்கின் கல்வானில் சீனாவோடு மோதல் நடந்தது 2020-ல். மலைமேல் சீனாவிடம் இலகு டாங்கி இருந்தது, நாம் நாற்பது டன்னுக்கு மேல் எடையுள்ள டாங்கிகளை விமானத்தில் ஏற்றி அனுப்பினோம். அதன் பிறகு ஆவடி வடிவமைப்பாளர்களும் ஒரு தனியார் நிறுவனமும் சேர்ந்து செய்த 25 டன் ஜோராவர் டாங்கி, 2024 டிசம்பரில் 4,200 மீட்டருக்கு மேல் நின்று சுட்டது. அந்தச் செய்தியை நான் பகிர்ந்தபோது இப்போது சிரித்தவர்களில் ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை. ஓடினால் கண்ணில் படாது, விழுந்தால் மட்டும் ஓடி வருவீர்கள்.

என்னை ஒரு கட்சியில் சேர்த்துவிடுவார்கள் என்று தெரியும். தேஜஸ் இந்திரா காலத்தில் தொடங்கி, வாஜ்பாய் பெயர் வைத்து, மன்மோகன் காலத்தில் வளர்ந்து, மோடி காலத்தில் படையில் சேர்ந்தது. எந்தக் கட்சியில் போடுவீர்கள்?

கேட்பதென்றால் இதைக் கேளுங்கள். நாம் உருவாக்கும் அடுத்த தலைமுறைப் போர் விமானமான ஆம்காவுக்கு 2024 மார்ச்சில் ஏறத்தாழ 15,000 கோடி ஒதுக்கினார்கள். அதற்கான இன்ஜினைப் பிரெஞ்சு நிறுவனத்தோடு சேர்ந்து செய்யப் போகிறோம் என்கிறார்கள். பிளேடு வார்க்கும் நுட்பம் முழுமையாக நம் கைக்கு வருமா? இன்ஜினை வானில் ஏற்றிச் சோதிக்க நமக்கென்று ஒரு விமானம் எப்போது? பதினைந்து ஆண்டுக்கு மேலாகக் கோப்பில் கிடக்கும் காலாட்படைப் போர் வண்டி எப்போது? உங்கள் எம்.பி.யிடம் எழுதிக் கேளுங்கள், நானும் எழுதுகிறேன். இதைக் கேட்டு எந்தக் கட்சிக்காரர் பதிவு போட்டாலும் என் பக்கத்தில் பகிர்வேன்.