ஸ்தோத்திரம் சொன்ன பிறகு

நம் சபைகளில், கர்த்தர் தங்களுக்குச் செய்ததை எழுந்து நின்று சொல்லும் சாட்சி நேரத்தைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். "போன வருஷம் வாடகை வீட்டில் இருந்தோம், இந்த வருஷம் கர்த்தர் சொந்த வீடு கொடுத்தார்." "மகனுக்கு விசா தடைபட்டிருந்தது, உபவாசித்து ஜெபித்தோம், வாசலைத் திறந்தார்." எல்லாம் உண்மையான நன்றிதான். நானும் எழுந்து நின்று இப்படிச் சொல்லியிருக்கிறேன், இனியும் சொல்வேன். ஆனால் இந்த மாதிரி சாட்சிகளை மட்டுமே கேட்டு வளர்கிற பிள்ளை, கேட்டது கிடைத்த பிறகுதான் சந்தோஷம் வரும் என்று நினைத்துக்கொள்ளும். கேட்டது கிடைக்காத வீட்டுப் பிள்ளை என்ன செய்யும்?

அப்போஸ்தலன் பவுல் பிலிப்பி ஊர்ச் சபையாருக்கு எழுதிய நிருபம், அதாவது கடிதம், நாலே அதிகாரம்தான். கட்டுண்டு காவலில் இருக்கும்போது எழுதியது. உயிரோடு வெளியே வருவோமா என்பதே அவருக்கு நிச்சயமில்லை. "கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள், சந்தோஷமாயிருங்கள் என்று மறுபடியும் சொல்லுகிறேன்" என்று அந்த நிருபத்தில்தான் எழுதுகிறார். எதை நினைத்து இவருக்கு இவ்வளவு சந்தோஷம் என்று தேடிக்கொண்டு வாசித்தால், வரிக்கு வரி மனிதர்கள் வருகிறார்கள். பவுலுக்கு உதவி கொண்டுவந்த இடத்தில் வியாதிப்பட்டு மரணத்துக்குச் சமீபமாய்ப் போன எப்பாப்பிரோதீத்து. கூடவே உழைத்த தீமோத்தேயு. ஒருமனப்பட வேண்டிய எயோதியாளும் சிந்திகேயாளும். விடுதலை ஆகட்டும், அப்புறம் சந்தோஷப்படலாம் என்று அவர் தள்ளிப்போடவில்லை. காவலில் இருந்தபடியே அடுத்தவர்களைப் பற்றிக் கவலைப்படுகிறார், அடுத்தவர்களுக்காக நன்றி சொல்கிறார்.

இதை நம் பக்கத்திலேயே வாழ்ந்து காட்டியவர் ஒருவர் உண்டு. டாக்டர் மேரி வர்கீஸ். 1925இல் கொச்சியில் பிறந்தவர். வேலூர் சி.எம்.சி.யில் (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில்) படித்து அங்கேயே மருத்துவரானார். 1954இல் உடன் வேலை செய்தவர்களோடு போன வண்டி விபத்துக்குள்ளாகி முதுகுத்தண்டு சேதமானது. இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. வயது முப்பதுகூட ஆகவில்லை. சக்கர நாற்காலியில் ஒரு பெண் டாக்டர் வேலை செய்வதை நம் நாட்டில் யாரும் யோசித்துக்கூடப் பார்த்திராத காலம் அது.

அப்போது வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் இருந்தார். கொல்லிமலையில் மிஷனரி பெற்றோரோடு வளர்ந்தவர். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சை செய்து நிமிர்த்திக்கொண்டிருந்தார். வேலை செய்கிற ஒரு தசையின் தசைநாணை எடுத்து, செயலிழந்த விரலுக்கு மாற்றிப் பொருத்துகிற வேலை. கை அறுவை சிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்யலாம் அல்லவா? அந்த வேலைக்கு மேரி வர்கீஸைத் தூண்டியவர் அவர்தான். தன் கால்கள் இனி அசையாது என்று தெரிந்த பெண், சக்கர நாற்காலியில் அமர்ந்து, ஊர் ஒதுக்கி வைத்தவர்களின் கைகளை மறுபடியும் அசைய வைத்தார். பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, சி.எம்.சி.யில் அதற்கென்று இருந்த துறைக்குத் தலைமை ஏற்றார். 1966இல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் வந்தது. மரத்திலிருந்து விழுந்தவர்கள், விபத்தில் முதுகு உடைந்தவர்கள் அங்கே வந்து தானாக எழுந்து உட்காரவும், நாற்காலிக்கு மாறவும், ஒரு தொழில் செய்யவும் பழகினார்கள். இன்றும் பழகுகிறார்கள். 1972இல் பத்மஸ்ரீ. 1986இல் இறந்தார். கால்கள் கடைசி வரை திரும்பவில்லை.

சாட்சி என்றால் எனக்கு இதுதான் சாட்சி. கேட்டது கிடைக்கவில்லை. மிச்சம் இருந்தது இரண்டு கைகள். அந்தக் கைகளுக்காக நன்றி சொன்னவர், அவற்றைப் பிறருக்கென்று கொடுத்தும்விட்டார்.

நம் பாட்டிமார்களுக்கும் இது தெரிந்திருந்தது. திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் சோறு பொங்க அரிசி எடுக்கும்போது ஒரு பிடியைத் தனிப் பானையில் போட்டு வைப்பார்கள். பிடி அரிசிக் காணிக்கை. தனக்கே போதாத அரிசியில் எடுத்த பிடி அது. அந்த மண்ணில்தான் 1903இல் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியது. நம் ஆட்கள், நம் பணம், நம் நிர்வாகம் என்று சொல்லி, தெலுங்கு நாட்டுக்குத் தங்கள் ஆட்களை அனுப்பினார்கள். விளைச்சலுக்கு நன்றி சொல்லும் ஸ்தோத்திரப் பண்டிகையில் முதல் தேங்காயையும் கோழியையும் கொண்டுவந்து வைப்பதும், அசனம் என்கிற சபை விருந்தில் பணக்காரரும் ஏழையும் ஒரே பந்தியில் உட்காருவதும் இதே மனசிலிருந்து வந்தவைதான். இன்று அந்தக் காணிக்கைப் பொருட்களின் ஏலத்தில் யார் எவ்வளவுக்கு எடுத்தார் என்பதே பெரிய பேச்சாகிவிட்ட இடங்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். துக்க வீட்டுக்குப் போய் "எல்லாவற்றிலும் ஸ்தோத்திரம் சொல்லுங்கம்மா" என்று சொல்கிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். இறந்துபோன லாசருவின் கல்லறைக்கு வந்த இயேசு, அவன் சகோதரிகளான மார்த்தாளுக்கும் மரியாளுக்கும் ஸ்தோத்திர வகுப்பு எடுக்கவில்லை, அழுதார். மன அழுத்தத்தில் இருப்பவரிடம் "உனக்கு விசுவாசம் குறைவு" என்று சொல்வதும் அதே மாதிரிக் கொடுமை. அவருக்கு டாக்டர் தேவை, கூட உட்கார ஓர் ஆள் தேவை. நன்றியை அடுத்தவர் வாயில் திணிக்க முடியாது. நம் பங்கு, பக்கத்தில் இருப்பது.

நாங்கள் சில பெண்கள் சேர்ந்து மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஒரு முதியோர் இல்லத்துக்குப் போகிறோம். பெரிய ஊழியம் ஒன்றும் இல்லை. பாட்டிமார்களுக்கு நகம் வெட்டிவிடுவோம், தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவிவிடுவோம், கேட்டால் ஒரு பாட்டுப் பாடுவோம். வயதான கால் நகம் தடித்துப்போயிருக்கும், வெந்நீரில் ஊற வைத்துத்தான் வெட்ட முடியும். அந்த நேரத்தில் அவர்கள் பேசுவார்கள். மகனைப் பற்றி, விற்றுப்போன தோட்டத்தைப் பற்றி, பள்ளிக்கூடத்தில் படித்த ஞாபகத்தைப் பற்றி. ஆராதனையில் கண்ணீரோடு பாடும்போதும் எனக்கு சந்தோஷம் வரும். ஆனால் அங்கிருந்து திரும்பும்போது வருகிற சந்தோஷம் அடுத்த மாதம் வரை கூடவே இருக்கிறது. "வாங்குகிறதைப்பார்க்கிலும் கொடுக்கிறதே பாக்கியம்" என்று இயேசு சொன்னதை முழு மனதோடு நம்புகிறேன்.

உங்களுக்கும் போக மனம் இருந்தால், கேக்கும் கேமராவும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். முதலில் இல்லத்தின் பொறுப்பாளரிடம் என்ன தேவை என்று கேளுங்கள். பெரும்பாலும் முதியவர்களுக்கான டயப்பர், தைலம், போர்வை என்பார்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களின் கால் நகத்தை நீங்களாக வெட்ட வேண்டாம், நர்ஸ் இருந்தால் அவரிடம் விட்டுவிடுங்கள். அப்புறம், அடுத்த மாதம் வருவேன் என்று யாரிடமாவது சொல்லிவிட்டால் கட்டாயம் போங்கள், காத்துக்கொண்டிருப்பார்கள்.