கறுப்பு வெள்ளைதான் அதன் உயிர்

'யங் பிராங்கன்ஸ்டைன்' (1974) என்ற நகைச்சுவைப் படம் புளூரே வட்டில் வந்ததைப் பற்றி எழுதிவிட்டு, பழைய கறுப்பு வெள்ளைப் படத்துக்கு இவ்வளவு தெளிவு எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் படத்துக்குத்தான் தெளிவு வேணும். கறுப்பு வெள்ளையில்தான் எடுப்பேன் என்று இயக்குநர் மெல் புரூக்ஸ் பிடிவாதமாக நின்றார். ஆய்வுகூடத்தில் பொறி பறக்கும் கருவிகள், 1931 ஆம் ஆண்டின் 'பிராங்கன்ஸ்டைன்' படத்துக்காகக் கென்னத் ஸ்ட்ரிக்ஃபேடன் செய்தவை. அதை மங்கலாகப் பார்த்து என்ன பயன்?

நாங்கள் மங்கலாகத்தான் பார்த்தோம். மட்டக்களப்பு, கல்லடியில் மாமா வீட்டில், கரண்ட் இல்லாத நாளில், ஜெனரேட்டர் போட்டு வாடகை டெக்கில். பிரதிக்குப் பிரதி எடுத்த கசெட். இருட்டுக் காட்சி வந்தால் டிவி முழுக்கக் கரி. அப்படியிருந்தும் படத்தில் வரும் உதவியாள் இகோரின் கூன் ஒரு தோளிலிருந்து மற்றத் தோளுக்குப் போவதை முதலில் கண்டது இங்கிலிஷ் தெரியாத அம்மம்மாதான். "மனே, இவன்ட கூன் இடம் மாறிட்டு!" என்று கையைத் தட்டிச் சிரித்தா.

போன கிழமை புளூரேயில் பார்த்தேன். இகோராக நடித்த மார்ட்டி ஃபெல்ட்மனின் அந்தப் பெரிய கண்களில் விளக்கொளி மின்னுவது இப்போதுதான் தெரிந்தது. அம்மம்மா இல்லை. அம்மா பக்கத்தில் இருந்து பார்த்தா. தமிழ்த் துணைவரியோடு யாராவது வெளியிட்டால், முதல் ஆளாக வாங்குவேன்.