ஃபிரட்டர்னிட்டிகளை மூடியது சரி, அதற்குப் பிறகு?

அமெரிக்காவின் சிறிய கல்லூரிகளில் ஃபிரட்டர்னிட்டி எனப்படும், உறுப்பினர்களே தேர்ந்து அழைப்பவர்கள் மட்டும் சேரக்கூடிய மாணவர் மன்றங்கள் மறைந்துவருவதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் குடி, கும்மாளம், ராகிங் என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். அவற்றை மூடியது சரி என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. ஆனால் மூடிய இடத்தில் என்ன வந்தது என்று கேட்காமல் விடுவது, அங்கே படிக்கும் பிள்ளைகளுக்கு நாம் செய்யும் அநீதி.

நியூயார்க் மாநிலத்து யூனியன் கல்லூரியில் 1825இல் கப்பா ஆல்ஃபா என்ற மன்றம் தொடங்கியதிலிருந்து, இந்த மன்றங்கள் சிற்றூர்க் கல்லூரிகளில் வேரூன்றின. முன்னாள் மாணவர்கள் பணம் கொடுத்தார்கள். மன்றங்கள் சொந்த வீடு கட்டி, சமையல்காரரை அமர்த்தின. 1960களின் தொடக்கத்தில் வில்லியம்ஸ் கல்லூரியில் முதலாண்டைக் கடந்த மாணவர்களில் பெரும்பாலோர் உண்டதும் உறங்கியதும் மன்ற வீடுகளில்தான். ஆகவே அழைப்புக் கிடைக்காத மாணவன் இழந்தது ஒரு கொண்டாட்டத்தை மட்டுமல்ல, அன்றாடம் நண்பர்களோடு உட்கார்ந்து சாப்பிடும் மேசையையே. பெரிய பல்கலைக்கழகத்தில் அவன் வேறு கூட்டத்தைத் தேடிக்கொள்வான். ஏறத்தாழ 2,000 பேர் மட்டுமே படிக்கும் இடத்தில், தன்னை வேண்டாம் என்றவர்களின் முகத்தில்தான் தினமும் விழிக்க வேண்டும். அந்த முறைக்கு முடிவுகட்டுமாறு 1962இல் கல்லூரி அமைத்த ஆஞ்சவைன் குழு பரிந்துரைத்தது. வில்லியம்ஸ் அதை ஏற்றது.

விலக்கிவைப்பது இந்த அமைப்பின் ஓரத்தில் ஒட்டியிருந்த அழுக்கு என்று சிலர் சொல்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. 1948இல், ஃபை கப்பா சை என்ற நாடு தழுவிய மன்றத்தின் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரிக் கிளை, கறுப்பின மாணவர் ஒருவரைச் சேர்க்க முன்வந்தபோது, அதன் தேசியத் தலைமை அந்தக் கிளையையே விலக்கியது. அந்த மாணவர்கள் பின்வாங்காமல் தனி மன்றமாக நின்றார்கள் என்பதையும் மதிப்போடு சொல்ல வேண்டும். ஆம்ஹர்ஸ்ட் 1984இல் மன்றங்களை வளாகத்திலிருந்து அகற்றியது. 2014இல் வெளியே இயங்கியவற்றிலும் மாணவர்கள் சேரத் தடை விதித்தது. ஸ்வார்த்மோர் கல்லூரியில் 2019இல் ஒரு மன்றத்தின் உள் ஆவணங்கள் மாணவர் இதழ்களில் வெளியாகி, மாணவர்கள் அதன் வீட்டுக்குள் அமர்ந்து போராடிய பிறகு, எஞ்சியிருந்த இரண்டு மன்றங்களும் தங்களைக் கலைத்துக்கொண்டன.

இனி, மூடிய விதத்தில் நான் காணும் குறை. அந்த மன்ற வீடுகளில் இருபது வயதுப் பிள்ளைகளே வரவு செலவு பார்த்தார்கள், சமையலறையை நடத்தினார்கள், கூரை ஒழுகினால் ஆள் தேடினார்கள். 1984ஆம் ஆண்டின் கூட்டரசுச் சட்டத்தால் மது அருந்தும் வயது எங்கும் 21 ஆன பிறகு, சட்டப் பொறுப்புக்கு அஞ்சிய நிர்வாகங்கள் மாணவர் ஒன்றுகூடலை விண்ணப்பப் படிவத்துக்குள் அடக்கத் தொடங்கின. மன்றம் போய்க் கல்லூரி அலுவலகம் வந்தால், கூட்டம் ஊருக்கு வெளியே வாடகை வீட்டுக்கு நகரும். அங்கேயும் அழைப்பு உள்ளவர்களுக்குத்தான் கதவு திறக்கும்.

போடன் கல்லூரி செய்ததுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. 1997இல் முடிவெடுத்து, 2000க்குள் மன்றங்களை முடித்துவைத்தபோது, அவற்றின் வீடுகள் பலவற்றைக் கல்லூரியே எடுத்துச் செப்பனிட்டு, முதலாண்டு மாணவர் ஒவ்வொருவரையும் ஏதேனும் ஒரு வீட்டோடு இணைத்தது. யாரும் யாரையும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை.

பிள்ளைகளை அங்கே அனுப்பும் நம் பெற்றோர் தரவரிசையையும் உதவித்தொகையையும் மட்டுமே விசாரிக்கிறார்கள். சனிக்கிழமை இரவு மாணவர்கள் எங்கே கூடுகிறார்கள், அந்த இடத்தின் சாவியும் செலவுக் கணக்கும் யார் கையில் இருக்கின்றன என்பதையும் சேர்க்கைக்கு முன்பே கேளுங்கள்.