தட்டெடுக்கும் பிள்ளைக்குக் கொடுத்த 30 வெள்ளி

சனிக்கிழமை இரவிலிருந்து நம் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிவிட்டு இங்கேயும் வந்து சேர்ந்திருக்கும் அந்தப் படத்தைப் பற்றி, பஃபே உணவகத்தில் தட்டெடுத்த பெண்ணுக்கு நான் 30 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) டிப்ஸ் கொடுக்கும் படத்தைப் பற்றி, எதுவும் எழுதுவதில்லை என்றுதான் மூன்று நாள்களாக இருந்தேன். நேற்று மாலை கோயிலில் எனக்குப் பின்னால் நின்ற இருவர், "பாரி வள்ளல் வந்துட்டாரு" என்று சொல்லிச் சிரித்தது என் காதில் விழுந்தது. பாரி முல்லைக்குத் தேர் கொடுத்தபோது பக்கத்தில் ஒருவரும் கைப்பேசியோடு நிற்கவில்லை. அது அவனுடைய அதிர்ஷ்டம்.

நடந்தது இவ்வளவுதான். என் அக்காள் மகள் பட்டம் வாங்கியதைக் கொண்டாட, குடும்பத்தில் பதினான்கு பேர் பேராக் மாநிலத்தின் நம் சுங்கை சிப்புட்டில் புதிதாக வந்திருக்கும் கடை வரிசையில் உள்ள அந்த பஃபே உணவகத்திற்குப் போனோம். தலைக்கு 48 வெள்ளி. சாப்பிட்டு முடித்து எழுந்தபோது, எங்கள் மேசையில் தட்டெடுத்துக்கொண்டிருந்த பெண்ணின் கையில் 30 வெள்ளி கொடுத்தேன். எங்கள் மேசையிலேயே உட்கார்ந்து சாப்பிட்ட ஒரு தம்பி, என்னை "மாமா" என்று அழைக்கிறவர், அதைப் படமெடுத்து, "நாமே எடுத்துப் போட்டுச் சாப்பிடும் இடத்தில் டிப்ஸ் எதற்கு" என்ற கேள்வியோடு வள்ளல் பட்டத்தையும் சேர்த்துப் போட்டுவிட்டார். இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் கருத்துச் சொல்லியிருக்கிறார்கள். ஊரில் தெருவிளக்கு எரியவில்லை என்று நான் பதிவு போட்டால் ஒன்பது பேர் கண்டுகொள்வார்கள்.

"நாமே எடுத்துப் போட்டுக்கொள்கிறோம்" என்பதுதான் திரும்பத் திரும்ப வரும் வாதம். எடுத்துப் போட்டுக்கொண்டது நாம், சரி. எடுத்துக்கொண்டு போய்க் கழுவியது யார்? வாழை இலைச் சாப்பாட்டுக் கடையில் ஓர் ஆள் வந்தால் ஓர் இலை. மடித்து எடுத்துப் போட்டுத் துடைத்தால் வேலை முடிந்தது. பஃபேயில் ஒவ்வொரு முறை எழுந்து போகும்போதும் புதுத் தட்டு எடுக்கிறோம். நெத்திலிக்கு ஒன்று, இறாலுக்கு ஒன்று, பழத்துக்கு ஒன்று, கேக்குக்கு ஒன்று, "என்னதான் இருக்கிறதென்று பார்ப்போம்" என்று எடுத்து வந்து தொடாமல் வைப்பதற்கு இன்னொன்று. அன்றிரவு நான் எண்ணிப் பார்க்கவில்லை. ஆனால் ஆளுக்கு ஐந்து என்று வைத்தாலும் பதினான்கு பேருக்கு எழுபது தட்டுகள், கிண்ணங்கள் தனி. இறால் தோலைத் தேநீர்க் கோப்பைக்குள் போட்டு, அதன் மேல் டிஷ்யூ காகிதத்தைக் கசக்கித் திணித்து, அந்தக் கோப்பையை இரண்டு எச்சில் தட்டுகளுக்கு நடுவில் அடுக்கி, உதவி செய்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறவர்கள் நாம். ஊறிய டிஷ்யூ கோப்பையின் அடியில் ஒட்டிக்கொண்டால் விரலை விட்டுத்தான் சுரண்டி எடுக்க வேண்டும். ஆகவே பஃபேயில் பரிமாறுகிற வேலைதான் குறைவு. மற்ற வேலை எல்லாம் சாதாரணக் கடையைவிட இரண்டு பங்கு.

அடுத்த வாதம்தான் என்னை உண்மையிலேயே சங்கடப்படுத்தியது, ஏனென்றால் அதைச் சொன்னவர்களில் கடை நடத்துகிறவர்களும் படித்தவர்களும் இருக்கிறார்கள். "பில்லிலேயே சர்வீஸுக்குக் காசு பிடித்துவிட்டார்களே, மறுபடியும் எதற்கு" என்கிறார்கள். அந்தப் பில் என்னிடம் இருக்கிறது. சாப்பாடு 672 வெள்ளி, 6 விழுக்காடு சேவை வரி 40 வெள்ளி 32 சென், மொத்தம் 712 வெள்ளி 32 சென். சேவை வரி வேறு, சேவைக் கட்டணம் வேறு. சேவை வரி அரசாங்கத்துக்கு உரியது. கடைக்காரர் வசூலித்துச் சுங்கத் துறையிடம் கட்டுகிறார். 2015 ஏப்ரலில் பொருள் சேவை வரியான ஜிஎஸ்டி வந்தபோதும் 6 விழுக்காடு, அது போய் 2018 செப்டம்பரில் விற்பனை, சேவை வரியான எஸ்எஸ்டி திரும்பியபோதும் சாப்பாட்டுக்கு 6 விழுக்காடு, 2024 மார்ச்சில் பல சேவைகளுக்கு 8 ஆக உயர்த்தியபோதும் சாப்பாட்டுக்கு அதே 6. பெயரில் "சேவை" இருப்பதால் தட்டெடுத்த பெண்ணுக்குப் போகிறது என்று பத்து வருடங்களாக நம்பிக்கொண்டிருக்கிறோமா? அதிலிருந்து ஒரு சென்கூட அவளுக்குப் போகாது. பெரிய ஹோட்டல்களில் போடும் 10 விழுக்காடுதான் சேவைக் கட்டணம். நம் ஊர்க் கடையின் பில்லில் அது இல்லவே இல்லை. சாப்பாட்டுக் கடைகளைப் பொறுத்தவரை, ஆண்டு விற்பனை 15 லட்சம் வெள்ளியைத் தாண்டும் கடைதான் சேவை வரிக்குப் பதிய வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன், முதலாளி பாவம் என்று எழுதிய அன்பருக்காக. 40 வெள்ளி 32 சென் சுங்கத் துறைக்குப் போனதை யாரும் படமெடுக்கவில்லை. 30 வெள்ளி ஒரு பெண்ணின் கைக்குப் போனதுதான் கண்ணை உறுத்தியிருக்கிறது.

இந்தச் சேவைக் கட்டணம் எப்படிப்பட்டது என்று எனக்குக் கொஞ்சம் தெரியும், ஏனென்றால் இருபது வயதில் இரண்டு வருடம் பினாங்கில் ஒரு ஹோட்டலின் பின்கட்டில் பாத்திரம் கழுவியிருக்கிறேன். அங்கே வசூலான கட்டணத்தை மாதக் கடைசியில் "பாயிண்ட்" கணக்கில் பிரித்துக் கொடுப்பார்கள். தலைமைச் சமையல்காரருக்கு இத்தனை, எங்களுக்கு இத்தனை. சீனப் பெருநாள் மாதத்தில் அந்தப் பாயிண்ட் காசைக் கையில் வாங்கும்போது இருந்த மகிழ்ச்சி சம்பளத்தில்கூட இருந்ததில்லை. ஹோட்டல்காரர்கள் ஊழியருக்கு உரிய அந்தக் கட்டணத்தையே எடுத்துக் குறைந்தபட்சச் சம்பளத்தில் சேர்த்துக் கணக்குக் காட்டப் பார்த்து, அது கூடாது என்று 2021-இல் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் சொல்ல வேண்டிய அளவுக்கு விஷயம் போனது. தொழிற்சங்கம் இருந்ததால் வழக்காவது நடந்தது. நம் ஊர்க் கடையில் தட்டெடுக்கிறவளுக்குச் சங்கம் எங்கே?

ஆகவேதான் கையில் கொடுக்கச் சொல்கிறேன். காசாளர் மேசையில் ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். அதில் போட்டால் யாருக்குப் போகும் என்று கேட்டேன், "எல்லாருக்கும் பிரிப்போம் அங்கிள்" என்றார்கள். பிரிக்கலாம், நான் யார்மீதும் பழி போடவில்லை. ஆனால் நம் பாட்டன்மார் காலத்துத் தோட்டங்களில், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓர் ஆள் வந்து நின்றால் அந்த ஆளின் தலையை எண்ணிக் கங்காணிக்குத் தலைக்காசு கொடுத்தார்கள். உழைப்பது ஒருவர், எண்ணிக் காசு வாங்குவது இன்னொருவர் என்பதைப் பார்த்த குடும்பத்தில் பிறந்தவனுக்குப் பெட்டியின் மீது அவ்வளவு சீக்கிரம் நம்பிக்கை வராது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது, சொல்லாமல் இருந்திருப்பேன். அந்த 30 வெள்ளி என் யோசனை இல்லை. அம்மாவின் யோசனை.

அம்மாவுக்கு இப்போது 81 வயது. முப்பது வருடத்துக்கு மேல் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது கையில் வேறு தொழில் இல்லை. ஐம்பது வயதுக்கு மேல், கல்யாண மண்டபங்களில் சமையல்காரர்களோடு பாத்திரம் கழுவப் போனார். ஒரு கல்யாணத்துக்கு 25 வெள்ளி. இரவு ஒரு மணிக்கு வேனில் வந்து இறங்கும்போது விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருக்கும். பால்மரம் வெட்டிய காலத்தில் ஒட்டுப்பால் நாற்றம் அடித்த கையில் சவர்க்கார வாடை அடிக்கும், அதுதான் வித்தியாசம். ஒரே ஒரு கல்யாணத்தில், பெண்ணின் தகப்பனார் பந்தி முடிந்ததும் பின்பக்கம் வந்து, அங்கே குந்தியிருந்த ஐந்து பெண்களின் கையிலும் ஆளுக்குப் பத்து வெள்ளி வைத்துவிட்டு, "சாப்டீங்களாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அந்த மனிதரின் பெயர் அம்மாவுக்குத் தெரியாது. ஆனால் அவர் கட்டியிருந்த வேட்டியின் கரை நிறத்தை இன்றைக்கும் சொல்வார்.

சனிக்கிழமை அந்தப் பெண் எங்கள் மேசைக்கு வந்தபோது, தட்டை எடுக்கும் முன்னால் மேசை ஓரத்தில் இருந்த அம்மாவின் தண்ணீர்க் கோப்பையை உள்ளே தள்ளி வைத்தாள். கட்டை விரலில் நீல நிறப் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. அம்மா தன் தட்டில் இருந்த எலும்புகளைப் பக்கத்துத் தட்டில் வழித்து, நான்கு தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அவளிடம் நீட்டினார். பிறகு என் முழங்கையைத் தட்டி, "அந்தப் பிள்ள காலையிலேருந்து நின்னுக்கிட்டே இருக்கும்டா, கையில ஏதாச்சும் குடு" என்றார். படத்தை உற்றுப் பாருங்கள், ஓரத்தில் ஒரு கிழவியின் கை தெரியும். வெட்டி ஒட்டிக் கேலி செய்தவர்களுக்கு அது தெரிந்திருக்காது.

"குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆகிவிட்டதே, முதலாளிதானே ஒழுங்காகக் கொடுக்க வேண்டும்" என்று நியாயம் பேசுகிறவர்களுக்கு: கொடுக்க வேண்டும்தான், அதை நான் எப்போது மறுத்தேன்? 1,700-ஐ 26 நாளுக்கு வகுத்தால் நாளுக்கு 65 வெள்ளி சொச்சம். நாள் முழுக்க நின்றால் அவள் அந்தக் கடையில் ஒரு தட்டுச் சாப்பிடலாம், இரண்டாவது ஆளை அழைத்துவர முடியாது. முதலாளி இன்னும் கூட்டிக் கொடுக்கட்டும், அதுவரை நானும் கொடுக்கிறேன். ஒன்று மற்றொன்றைத் தடுக்கிறதா என்ன?

"அமெரிக்காக்காரன் பழக்கத்தை இங்கே கொண்டுவராதே" என்று ஒருவர். அங்கே டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு மணிக்கு 2 டாலர் 13 செண்ட் கொடுத்தால் போதும் என்கிறது கூட்டரசுச் சட்டம், 1991-இலிருந்து அந்தத் தொகை மாறவில்லை. மீதியை வாடிக்கையாளர் தலையில் கட்டிவிட்டார்கள். அதனால்தான் அங்கே 15, 20 விழுக்காடு, பஃபே என்றால் 10 என்றெல்லாம் கணக்கு. அந்தக் கணக்கு நமக்கு வேண்டாம் என்றுதான் நானும் சொல்கிறேன். விழுக்காடே வேண்டாம். தலைக்கு இரண்டு வெள்ளி, கூட்டமாகப் போனால் எங்களைப் போல் மொத்தமாக முப்பது. குழந்தைகள் தரையெல்லாம் சோறு இறைத்திருந்தால் இன்னும் ஐந்து சேர்த்து. சேவைக் கட்டணம் பிடித்த ஹோட்டலில் கொடுக்காவிட்டால் குற்றமில்லை. மாதக் கடைசியில் பிள்ளையின் பிறந்தநாளுக்காகக் காசு சேர்த்து வருகிறவர் ஒன்றும் கொடுக்க வேண்டாம். தட்டை வழித்து ஒன்றாக வைத்தாலே போதும். இதில் எங்கே நான் ஊரைக் கெடுத்தேன்?

"விளம்பரத்துக்காகச் செய்கிறார்" என்ற கருத்துக்கு 61 பேர் விருப்பம் தெரிவித்திருக்கிறார்கள். பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். தீபாவளிக்கு என் வீட்டுக்கு வந்து, பிள்ளைகளுக்கு நான் கொடுத்த அங்பாவ் உறையை வாங்கிக்கொண்டு போனவர்கள் அதில் பதினொரு பேர். உறையில் ஐந்து வெள்ளி வைத்துக் கொடுத்தால் பண்பாடு, உறை இல்லாமல் உழைத்தவள் கையில் கொடுத்தால் விளம்பரமா? கோயில் தீபத்தட்டில் எல்லாரும் பார்க்க ஐம்பது வெள்ளித் தாளை விரித்து வைக்கிறவர்களை யாராவது படமெடுத்தீர்களா? ஒருவர் மட்டும் எனக்குத் தனியாக, "விடுங்க அண்ணே, சின்னப் பையன் விளையாட்டுக்குப் போட்டது" என்று செய்தி அனுப்பியிருந்தார். முப்பத்து நான்கு வயது விளையாட்டு. அந்தத் தம்பியின் சாப்பாட்டுக்கான 48 வெள்ளியையும் அன்று நான்தான் கட்டினேன் என்பதைச் சொல்லிக்காட்டக் கூடாது என்று நினைத்திருந்தேன், சொல்லிவிட்டேன், இருக்கட்டும்.

என்னைக் கேலி செய்ததை விட்டுவிடுகிறேன். நேற்று அந்தக் கடைப்பக்கம் போனபோது அவளைக் காணவில்லை. விசாரித்ததில், வாடிக்கையாளரிடம் காசு வாங்கும் படம் ஊரெல்லாம் சுற்றுகிறது என்று முதலாளி கூப்பிட்டுப் பேசினாராம், அந்த முப்பதையும் பெட்டியில் போடச் சொன்னாராம், இந்த வாரம் அவளைப் பின்பக்கம் கழுவும் இடத்தில் நிறுத்தியிருக்கிறார்களாம். படத்தில் என் முகம் பாதிதான் தெரிகிறது. அவள் முகம் முழுதாகத் தெரிகிறது, சட்டையில் குத்தியிருந்த பெயரோடு.

தம்பி, என் பெயரை வைத்துக்கொண்டு இன்னும் எத்தனை பதிவு வேண்டுமானாலும் போடுங்கள். அந்தப் படத்தை மட்டும் இன்று இரவுக்குள் எடுத்துவிடுங்கள். பகிர்ந்தவர்களும் எடுத்துவிடுங்கள். சனிக்கிழமை அம்மாவோடு மறுபடியும் அங்கே போகிறேன். இந்த முறை பின்கதவு வழியாக.