பாடக்குறிப்பில் கருவியின் பெயரைக் கடைசியில் எழுதுங்கள்

பாடக்குறிப்புப் படிவங்கள் பலவற்றில் மேல்பாதியிலேயே ஒரு கட்டம் இருக்கும்: 'பயன்படுத்தும் தொழில்நுட்பம்'. அதில் 'வீடியோ, பிபிடி' என்று எதையாவது நிரப்பிவிட்டுத்தான் கீழே இறங்குகிறோம். கோளாறு அங்கேதான் தொடங்குகிறது. கருவியை முதலில் எழுதிவிட்டால் பாடம் அதற்கேற்ப வளைந்துவிடும். எட்டு நிமிட வீடியோ ஒன்றைத் தேட ஒன்றரை மணி நேரம் போயிருக்கும். இவ்வளவு நேரம் தேடினோமே என்பதற்காகவே, பாடத்தோடு ஒட்டாவிட்டாலும் அதைப் போட்டுக் காட்டுவோம்.

என்னைக் கேட்டால் அந்தக் கட்டம் படிவத்தின் அடியில் இருக்க வேண்டும். முதலில் எழுத வேண்டியது, வகுப்பு முடியும்போது பிள்ளைகளிடம் கேட்கப்போகும் ஒரே ஒரு கேள்வி. அடுத்தது, அதற்கு வரக்கூடிய தப்பான பதில்கள், அவை ஏன் வருகின்றன என்ற காரணத்தோடு. அதற்குப் பிறகுதான் 'இந்தத் தப்பைக் கரும்பலகையால் உடைக்க முடியுமா?' என்று பார்க்க வேண்டும். முடியும் என்றால் சாக்பீஸே போதும், புரொஜெக்டரைத் தொடவே வேண்டாம்.

முடியாத இடம் ஒன்றைச் சொல்கிறேன். மின்சுற்றுப் பாடம். 9 வோல்ட் பேட்டரி, தலா 10 ஓம் மின்தடையுள்ள இரண்டு பல்புகள், தொடரிணைப்பு. முதல் பல்புக்கு முன்னால் இருக்கும் அம்மீட்டர், அதாவது மின்னோட்டத்தை அளக்கும் கருவி, 0.45 ஆம்பியர் காட்டுகிறது. இரண்டு பல்புக்கும் நடுவில் எவ்வளவு காட்டும்? அ) 0.45, ஆ) அதைவிடக் கொஞ்சம் குறைவாக, இ) சரிபாதி, ஈ) அதைவிட அதிகமாக. ஓம் விதியை ஒப்பிக்கிற பிள்ளைகளிலும் நிறையப் பேர் 'ஆ'வுக்கோ 'இ'க்கோ போவார்கள். பல்பு மின்னோட்டத்தைத் 'தின்றுவிடுகிறது' என்பது அவர்கள் மனதில் ஊறிப்போன கணக்கு. பலகையில் 'இரண்டு இடத்திலும் ஒன்றுதான்' என்று எழுதிப்போட்டால் நோட்டில் எழுதிக்கொள்வார்கள்; மனதில் பழைய கணக்கு அப்படியே இருக்கும்.

இங்கே சிமுலேஷன், அதாவது சோதனையைக் கணினித் திரையிலேயே செய்து பார்க்கும் மென்பொருள், கைகொடுக்கும். இயற்பியலுக்கு 2001இல் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன், அடுத்த ஆண்டு கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய 'ஃபெட்' (PhET) என்ற சிமுலேஷன் திட்டத்தில் மின்சுற்று கட்டும் கருவி இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் திறந்ததும் சுற்றைக் கட்டி விடையைக் காட்டிவிட்டால் அதுவும் இன்னொரு வீடியோதான். வரிசை முக்கியம். கேள்வியைத் திரையில் போடுங்கள். ஒரு நிமிடம் யாரும் பேசக்கூடாது. ஒவ்வொருவரும் தன் விடையை நோட்டில் எழுத வேண்டும். பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் அ, ஆ, இ, ஈ எழுதிய அட்டையைத் தூக்க வேண்டும். எண்ணிப் பாருங்கள். அதற்குப் பிறகுதான் அம்மீட்டரைக் காட்ட வேண்டும். தன் விடையை எழுதி வைத்த பிள்ளைக்குத்தான் அந்த 0.45 அதிர்ச்சியாக இருக்கும். எழுதாத பிள்ளை 'எனக்கு அப்பவே தெரியும்' என்று சொல்லிவிட்டுப் போகும்.

எண்ணியதை வைத்து என்ன செய்வது என்பதற்கு ஹார்வர்டின் இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர் 1990களில் பரப்பிய முறையில் ஒரு நல்ல அளவுகோல் இருக்கிறது. சரியாகச் சொன்னவர்கள் 30 சதவீதத்துக்குக் கீழே என்றால் விவாதம் வீண், கருத்தைத் திரும்ப நடத்துங்கள். 30க்கும் 70க்கும் இடையில் என்றால் வேறு விடை சொன்ன பக்கத்து ஆளோடு இரண்டு மூன்று நிமிடம் வாதாடவிட்டு மறுபடி அட்டையைத் தூக்கச் சொல்லுங்கள். 70ஐத் தாண்டினால் சுருக்கமாக விளக்கிவிட்டு மேலே போகலாம். 40 பேர் வகுப்பில் 12, 28 என்ற இரண்டு எண்களை மட்டும் குறிப்பின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொண்டால் போதும்.

ஃபெட்டின் மின்சுற்றுக் கருவியில் சறுக்கும் இடங்களும் உண்டு. மின்னோட்டத்தை எலக்ட்ரானாகவும் காட்டலாம், வழக்கமான அம்புக்குறியாகவும் காட்டலாம். பாடநூலில் அம்பு நேர்முனையிலிருந்து கிளம்பும். திரையில் எலக்ட்ரான் எதிர்த்திசையில் ஓடும். முன்கூட்டி மாற்றி வைக்காவிட்டால் அன்றைய பீரியட் 'எது சரி சார்?' என்பதிலேயே கரைந்துவிடும். அடுத்தது, கம்பிமேல் சும்மா வைத்தாலே அளவு காட்டும் அம்மீட்டர். வசதிதான். ஆனால் அதிலேயே பழகிய பிள்ளை ஆய்வகத்தில் சுற்றைத் துண்டித்து அம்மீட்டரை நடுவில் சேர்க்க வேண்டும் என்பதையே மறந்துவிடும். தொடராக இணைக்கும் அம்மீட்டரையே கொடுங்கள். கடைசியாக, குறுக்குச்சுற்று (ஷார்ட் சர்க்யூட்) போட்டால் திரையில் பேட்டரி தீப்பிடிக்கும். பிள்ளைகள் கையில் கொடுத்தால் முதல் வேலையாக அதைத்தான் செய்வார்கள். தடுக்காதீர்கள். முதல் மூன்று நிமிடம் 'இஷ்டப்படி விளையாடலாம்' என்று குறிப்பிலேயே ஒதுக்கிவிட்டால் மிச்ச நேரம் அமைதியாகப் போகும்.

வினாடி வினா விளையாட்டுச் செயலிகள் பற்றி எனக்கு அவ்வளவு நல்ல எண்ணம் கிடையாது. அவற்றில் ஒன்றான கஹூட்டில் (Kahoot) வழக்கமான அமைப்பில் ஒரு கேள்விக்கு அதிகபட்சம் 1000 புள்ளி. சரியான விடையையே கடைசி நொடியில் தொட்டால் ஏறக்குறைய 500தான். நின்று யோசித்த பிள்ளைக்குப் பாதிப் புள்ளி அபராதம்! விளைவு, கேள்வியைப் படிக்காமலே வண்ணப் பொத்தானை அமுக்குவது. ஆசிரியரின் கேள்விக்கும் மாணவரின் பதிலுக்கும் நடுவே விடும் இடைவெளியை ஒரு நொடியிலிருந்து மூன்று நொடிக்கு நீட்டினாலே பதில்கள் நீளமாகவும் காரணத்தோடும் வருகின்றன என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களிலேயே காட்டிவிட்டார். அதற்கு நேர்மாறான பழக்கத்தை நாமே ஏன் ஊட்ட வேண்டும்? பயன்படுத்தியே ஆக வேண்டுமென்றால் கேள்வி நேரத்தை ஒரு நிமிடத்துக்குக் கூட்டுங்கள், புள்ளியை நிறுத்திவிடுங்கள். பெயர்ச்சொல் வகை, வாய்ப்பாடு மாதிரி ஏற்கெனவே தெரிந்ததைத் தேய்த்துப் பழக்க மட்டும் வேக விளையாட்டு சரிதான்.

ஸ்லைடு விஷயத்தில் ஒன்றே ஒன்று. திரையில் முழு வாக்கியங்களைப் போட்டு அதையே வாய்விட்டுப் படிக்காதீர்கள். கண்ணும் காதும் ஒரே சொற்களைத் துரத்தும். இரண்டும் ஒத்துப்போகாது, படத்தைப் பார்க்க ஆளே இருக்காது. படம் திரையில், சொல் உங்கள் வாயில். எழுத்தளவு எவ்வளவு என்பதற்கு எண் தேட வேண்டாம்: விளக்கை எரியவிட்டு, கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து படித்துப் பாருங்கள்.

சாட்ஜிபிடி மாதிரியானவற்றிடம் முழுப் பாடக்குறிப்பையும் கேட்டால் நன்றாகவே எழுதித் தரும். எந்த வகுப்புக்கும் பொருந்துகிற மாதிரி இருக்கும், அதாவது உங்கள் வகுப்புக்குப் பொருந்தாது. அதனிடம் வாங்க வேண்டியது தப்பான பதில்களை. 'இந்தக் கேள்விக்கு மாணவர்கள் சொல்லக்கூடிய 10 தவறான விடைகளையும் ஒவ்வொன்றுக்கும் பின்னால் இருக்கும் தவறான புரிதலையும் சொல்' என்று கேளுங்கள். ஏழெட்டு சப்பையாக இருக்கும். இரண்டு மூன்று நீங்கள் யோசிக்காததாக இருக்கும். கொள்குறி வினா வாங்கினால் இரண்டைச் சோதியுங்கள். சரியான விடை மட்டும் மற்றவற்றைவிட நீளமாக இருக்கிறதா? இருந்தால், பாடமே படிக்காதவரும் கண்டுபிடித்துவிடுவார். எண் விடைகளை நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள். தயங்காமல் தப்பாகச் சொல்வது அதன் சுபாவம். மாணவர் பெயர், மதிப்பெண் எதையும் அதில் ஒட்ட வேண்டாம்.

இணையம் போகும், கரண்டு போகும், கேபிள் பொருந்தாது. அதற்குத் தனி மாற்றுப் பாடம் தேவையில்லை. சிமுலேஷனைப் பென் டிரைவில் இறக்கி வைத்து, வகுப்புக் கணினியிலேயே ஒருமுறை திறந்து பாருங்கள். அதுவும் கைவிட்டால், தேவையான இரண்டு திரைகளின் படம் ஒரு தாளில் இருக்கட்டும். கேள்வியைப் பலகையில் எழுதலாம், அட்டையைத் தூக்கலாம், வாதாடலாம். கடைசியில் காட்டும் அந்த அரை நிமிடம் மட்டும்தான் போகும். அதை நாளைக்குக் காட்டினாலும் 0.45 ஓடிப்போய்விடாது. விடை தெரியாமல் ஒரு ராத்திரி வீட்டுக்குப் போகட்டுமே!