ஒலி இருக்கிறது, எழுத்துதான் இல்லை
பஸ், டான்ஸ், கிட்டார் ஆகியவற்றின் முதல் ஒலி தமிழில் கிடையாது, அதனால்தான் நமக்கு ஆங்கில உச்சரிப்பு வராது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தவறு. தனி எழுத்துதான் கிடையாது. தாம்பரத்தைச் சொல்லிப் பாருங்கள்: மகர மெய்க்குப் பின் வரும் ப, பஸ்ஸின் ப-தான். கிண்டியில் முதலிலேயே கிட்டாரின் ஒலி வந்துவிடுகிறது!

உண்மையான சிக்கல் வேறு இடத்தில். ஆங்கிலத்தில் பேனாவைக் குறிக்கும் 'பென்' தொடங்கும்போது ஒரு மூச்சுக்காற்று வெடித்து வெளியேறும். வாய்முன் உள்ளங்கையை வைத்தால் தெரியும். 'பல்' என்று சொல்லும்போது வரும் நம் ப-வில் அது இல்லை. அதனால் ஆங்கிலேயர் காதில் அது சில சமயம் பஸ்ஸின் ப-வாக விழுகிறது. ஆனால் ஸ்பூனில் அவர்களுக்கும் அந்தக் காற்று வராது. அங்கே நம் ப-வே சரி.