பெர்மிட்டில் பெயர் இல்லாதவர்கள்

எங்கள் ஊர் கிளிநொச்சியைப் பற்றி வந்த சிறப்பு மலரைப் பார்த்தவர்கள் எல்லோரும் எனக்கு வாழ்த்து அனுப்புகிறீர்கள். "உங்கள் அப்பப்பாவின் படம் முதல் பக்கத்திலேயே வந்திருக்கிறதே" என்று நேற்றிலிருந்து ஒரே செய்தி. அன்புக்கு நன்றி. ஆனால் எனக்கு வயிறு எரிகிறது. 'எங்கள் மண்ணின் முன்னோடிகள்' என்று தலைப்பிட்ட அந்தப் பட்டியலில் ஒரு பெண்ணின் பெயர்கூட இல்லை. மலையகத் தோட்டங்களிலிருந்து வந்த ஒருவரின் பெயர்கூட இல்லை. அரசாங்கக் காணிக்கான அனுமதிப்பத்திரம், அந்தப் பெர்மிட், யார் பெயரில் இருந்ததோ, அவர் மட்டுமே முன்னோடி.

யாழ்ப்பாணத்தில் காணியும் போதாமல் வேலையும் இல்லாமல் இருந்தவர்களை, 1936இல் தொடங்கிய திட்டத்தில் இரணைமடுக் குளத்தின் கீழ் குடியேற்றினார்கள். கிளிநொச்சிப் பட்டினமே அப்படி உருவானதுதான். வடமராட்சியிலிருந்து அப்பப்பாவும் வந்தார். காகிதத்தில் அது வயற்காணி, மேட்டுக்காணி. நேரில் போய்ப் பார்த்தால் பாலையும் முதிரையும் நிற்கிற காடு. நுளம்பு மொய்க்கும் காடு.

அதில் குடியிருந்தது யார்? புகையிலைக் காலம் வந்தால் அப்பப்பா ஊருக்குப் போய்விடுவார். கைக்குழந்தையோடு கொட்டிலில் தங்கியது அப்பாச்சி. இரவில் பன்றி இறங்கினால் தகரத்தைத் தட்டி விரட்டியது அப்பாச்சி. குவினைனைச் சீனியில் புரட்டிப் பிள்ளைகளின் வாயில் திணித்தது அப்பாச்சி. அப்படியும் மூத்த பிள்ளையைக் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. ஊருக்குச் செய்தி போய் அப்பப்பா வந்து சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்தப் பெரும்போக வெள்ளாமையை ஆள் பிடித்து அறுத்துச் சூடடித்தவரும் அப்பாச்சிதான். மலரில் அவர் 'அன்னாரின் பாரியார்'. பெயர் போட ஒரு வரி இடம் இல்லையாம்.

"பெர்மிட் பதிவேடுதான் எங்களுக்கு ஆதாரம்" என்கிறார் மலர்க் குழுவில் இருக்கும் அண்ணர். சரி, அந்தப் பதிவேட்டை எழுதிய சட்டம் எது? 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். உரித்து வரிசையில்கூட மகளுக்கு முன் மகனை நிறுத்திய சட்டம் அது. அதற்குமேல் 1948இன் குடியுரிமைச் சட்டம் வந்து மலையகத் தமிழரில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. நாடற்றவருக்கு அரசாங்கக் காணிப் பெர்மிட் எங்கிருந்து வரும்? அவர்களை விலக்கிய பதிவேட்டையே எடுத்து வைத்துக்கொண்டு, அதில் அவர்கள் பெயர் இல்லை என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

1958 இனக் கலவரத்துக்குப் பிறகு மலையகத் தோட்டத்திலிருந்து ஒரு குடும்பம் எங்கள் காணிக்கு வந்தது. அப்போதும் மேட்டுக்காணியின் பின்பாதி காடாகவே கிடந்தது. அதை வெட்டி, எரித்து, கட்டை பிடுங்கி, கல் உடைத்துக் கிணறு இறக்கியவர்கள் அவர்கள். 1970களில் இறக்குமதி நின்று மிளகாய் விலை ஏறியபோது எங்கள் கல்வீடு எழும்பியது அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான். அந்தக் குடும்பத்துப் பெரியவர் அப்பப்பாவைவிட மூத்தவர். எங்கள் வீட்டுச் சிறுவர்கள்கூட அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். அவருக்குத் தேநீர் கொடுத்த கோப்பை வெளிச்சுவரில் தனியாகத் தொங்கியது. இதையும் மலரில் எழுதுங்கள் என்றால் முகம் சுளிக்கிறீர்கள்.

"கூலி வாங்கித்தானே செய்தார்கள்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அன்று அவர்களுக்குக் கொடுத்த கூலியை இன்று அவர் சபையில் வெளியே சொல்லட்டும், பிறகு பேசுகிறேன். "பிந்தி வந்தவர்கள் எப்படி முன்னோடி ஆவார்கள்?" என்பது இன்னொரு கேள்வி. காட்டை வெட்டியவன்தான் முன்னோடி என்றால், அந்தப் பின்பாதிக்கு முன்னோடி அவர்தான். பிரதேசவாதம் கிளப்புகிறேன் என்பவர்களுக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. கிளப்பியது நானல்ல, பட்டியல்.

ஒரு மலருக்கு இவ்வளவு கோபமா என்று கேட்பீர்கள். 2009இல் முடிந்த போரின் கடைசிக் கட்டத்தில் எல்லோரும்தான் எல்லாவற்றையும் விட்டு ஓடினோம். திரும்பி வந்தபோது எங்களிடம் பெர்மிட்டின் பிரதி இருந்தது, வீட்டுத்திட்டம் கிடைத்தது. அந்தப் பெரியவரின் பேத்தி வாய்க்கால் ஓரத்தில் தறப்பாளுக்குக் கீழே இருந்துகொண்டு, எப்போதிலிருந்து இங்கே இருக்கிறாய், எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் அலைந்தாள். எழுத்தில் என்ன இருக்கும்? அவர்களைப் பற்றி நாங்கள் எதையாவது எழுதினோமா? முன்பு வந்த மலர்கள் எதிலாவது அந்தக் குடும்பத்தின் பெயர் அச்சாகியிருந்தால், நீட்டிக்காட்ட அவளுக்கு ஒரு தாளாவது இருந்திருக்கும். இப்போது அவளுடைய பிள்ளைகளுக்கும் அதே நிலைமையை அச்சடித்து வைத்திருக்கிறீர்கள்.

மறுபதிப்பு வரும் என்று கேள்விப்படுகிறேன். அப்பாச்சியின் முழுப்பெயரையும் அந்தக் குடும்பத்தார் எல்லோருடைய பெயர்களையும் எழுதிக் குழுவுக்கு அனுப்பிவிட்டேன். பக்கம் போதாது என்றால் அப்பப்பாவின் படத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் போடுங்கள். பேரப்பிள்ளைகள் நாங்கள் எல்லோரும் சம்மதித்துக் கையெழுத்து வைத்திருக்கிறோம்.